ஒரு பிடி ரோமம்

அந்தக் குருவிமேல எனக்கு ஒரு வழக்கு இருக்குங்க மேஸ்திரி. அதோ, மதில் ஓரமா, கல் இல்லாத அந்த மண்மேட்டுமேல உக்காந்திருக்கு பாருங்க, நெஞ்சு சிவப்பா. அதேதான். பார்க்க எவ்வளவு சாது! திருட்டுக் கழுதை.

நீங்க வேலையைப் பாருங்க. உளியை நிறுத்த வேணாம். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தம் ஒண்ணும் பண்ணாது. பெரிய வீட்டு ஐயா கல்லறைக்குக் கல் செதுக்க டவுன்லேர்ந்து ஆள் வந்திருக்காருன்னு சொன்னாங்க. ஒரு நடை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். நல்லா வந்திருக்கு. அந்தத் தேவதூதன் மூஞ்சி அப்படியே ஐயா மூஞ்சி. உயிரோட இருந்தப்ப அவர் இவ்வளவு சாந்தமா இருந்து நாங்க பார்த்ததில்ல, அது வேற விஷயம்.

என் பேரு ஐசக் மாஸ்லன். இந்த வில்ட்ஷையர் குன்றுப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, மேய்ப்பன் மாஸ்லன்னு. இந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்குமே. பித்தளைப் பொத்தான், ஒவ்வொரு பொத்தான்லயும் ஒரு ஆடு. விவசாயச் சங்கத்துல பரிசாக் குடுத்தது. நூறு தாய் ஆட்டுக்கு நூத்தி முப்பத்தொரு குட்டியை உயிரோட நிறுத்திக் காட்டினதுக்கு. இந்த ஜில்லாவுல அதுக்கு முன்னாலயும் அப்படி ஒரு கணக்கு இல்ல, பின்னாலயும் இல்ல.

அந்த மேட்டுக்கு அடியில இருக்கறது என் பெண்டாட்டி கெசியா. போன நவம்பர்ல போனா. அவளுக்கு ஒரு கல் வைக்கணும். பெரிய ஐயா கல்லுல வெட்டிப் போட்ட துண்டு ஒண்ணு உங்க காலடியில கிடக்குதே, அது போதும். கல் இருக்கு, நீங்க இருக்கீங்க. அதுல என்ன செதுக்கறதுங்கறதுதான் பிரச்சினை. அதைச் சொல்லணும்னா மொதல்லேர்ந்து சொல்லணும். நீங்க வெளியூர்க்காரர், நாலு நாள்ல போயிடுவீங்க, அதனால சொல்றேன்.

நான் பொறவி மேய்ப்பன் இல்லைங்க. குதிரைக்காரன். ஏர்க் குதிரை, வண்டிக் குதிரை, எது குடுத்தாலும் ஓட்டுவேன். ஆடுன்னா அது முன்னால எது, பின்னால எதுன்னு தெரியும், அவ்வளவுதான்.

உங்க பக்கம் ஆள் சந்தை உண்டா? இல்லையா? எங்க பக்கம் செப்டம்பர் கடைசியில, அறுப்பெல்லாம் முடிஞ்சு நடக்கும். மாட்டுச் சந்தை மாதிரிதான். மாட்டுக்குப் பதிலா நாங்க நிப்போம். குதிரைக்காரன்னா தொப்பியில ஒரு துண்டு சாட்டைக் கயிறு செருகிக்கணும். மேய்ப்பன்னா ஒரு பிடி ஆட்டு ரோமம். பண்ணைக்காரங்க நடந்துக்கிட்டே தொப்பியைப் பார்ப்பாங்க. அப்புறம் தோளைப் பார்ப்பாங்க. மூஞ்சியைக் கடைசியாப் பார்ப்பாங்க, பார்த்தா. பிடிச்சுப் போச்சுன்னா ஒரு ஷில்லிங் அச்சாரம். அதை வாங்கிக் கையை மூடிட்டா ஒரு வருஷத்துக்கு நீங்க அவர் ஆள். நடுவுல ஓடினா ஜெயில்.

அந்த வருஷம் நான் காலையிலேர்ந்து சாட்டைக் கயிறோட நிக்கறேன். ஒருத்தர் நிக்கல. பழைய எஜமானோட குதிரை ஒண்ணு என் கையில இருக்கும்போது நொண்டியாப் போச்சு. தப்பு குதிரைமேல. ஆனா குதிரை சந்தைக்கு வந்து சாட்சி சொல்லுமா? ஊர் பூராவும் என் பேரு பரவிப் போச்சு. மத்தியானம் ஆச்சு. கெசியாவுக்கு அப்ப வயித்துல ஆறு மாசம். யாரும் வேலைக்கு எடுக்கலைன்னா போக ஒரே எடம்தான் இருந்தது, ஏழைகள் விடுதி. அங்கே புருஷனை ஒரு கட்டடத்துல போடுவாங்க, பெண்டாட்டியை இன்னொரு கட்டடத்துல. கல்யாணம் ஆகி பத்து மாசம்கூட ஆகல எங்களுக்கு.

ஒண்ணுக்குப் போகலாம்னு சந்தைக்குப் பின்னால போனேன். வேலி முள்ளுல ரோமம் மாட்டிக்கிட்டு இருந்தது. அன்னைக்குக் காலையில போன ஆடுங்க விட்டுட்டுப் போனது. நான் பார்த்தேன். அந்தப் பக்கம் மேய்ப்பனுங்க வரிசையில நாலே பேர். கயித்தைப் பிடுங்கிப் பையில போட்டேன், ரோமத்தைத் தொப்பியில செருகினேன், எதிர்வரிசையில போய் நின்னேன். அவ்வளவுதாங்க. ஒரு மனுஷன் தொழில் மாத்தறதுக்கு அதுக்குமேல நேரம் ஆகல.

கிங்ஸ்காட் பண்ணை எஜமான் வந்தார். "மேய்ப்பனா?"ன்னு கேட்டார்.

"தொப்பியில இருக்கே எஜமான்"னேன்.

"எத்தனை வருஷமா?"

"என் மாமனார் முப்பது வருஷமா மேய்ப்பருங்க"ன்னேன். அது சத்தியம். கெசியாவோட அப்பா மேய்ப்பர்தான். அவர் என் மாமனார்தான். இதுல ஒரு சொல்லு பொய்யுண்டா, சொல்லுங்க?

ஷில்லிங்கைக் குடுத்தார். கையை மூடினேன்.

வீட்டுக்குப் போனா கெசியா வாசல்லயே என் தொப்பியைப் பார்த்துட்டா. 

"ஐசக், அது என்ன?"

"ரோமம்."

"அது தெரியுது. எதுக்கு?"

"முந்நூறு ஆடு"ன்னேன். "குடியிருக்க வீடு உண்டு. அடுப்பு புகையாதாம்."

அவ உக்காந்துட்டா. அழப்போறாளோன்னு நினைச்சேன். சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. "உன்னைப் பார்த்தா ஆடு பயப்படாது ஐசக், பாவப்படும்"னா. அப்புறம் மொகத்தைத் துடைச்சுக்கிட்டு, "சரி, என் சின்னக் கத்தியை எங்க வச்சோம்?"னு கேட்டா. அவங்க அப்பா குளம்பு சீவறதுக்குக் குடுத்த கத்தி. அதை எதுக்குக் கல்யாணச் சாமானோட கொண்டு வந்தான்னு நான் அன்னைக்கு வரைக்கும் யோசிச்சதில்ல.

வேலையை ரெண்டு பேருமாப் பார்த்தோம்னு வச்சுக்கங்க. பட்டிக்குப் படல் நட்டது நான்தான். படல் நடறதுல இன்னைக்கும் என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. காலையில பிடுங்கி, சாயங்காலம் அடுத்த துண்டு நிலத்துல நட்டு, ஒரு படல் சாயாது. தீவனக் கிழங்கு வெட்டிப் போடறதும் நான்தான். மத்தபடி சில்லறை வேலைங்களை அவ பார்த்துக்குவா. குளம்பு பார்க்கறது, புழு பார்க்கறது, எந்த ஆடு சினை, எது பொய்ச்சினை, எதுக்கு என்னைக்கு ஈத்து, எதுக்கு மடி கட்டியிருக்கு, அந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்க.

நாயா? நாய் ஒண்ணு குடுத்தாங்க. டஃப்னு பேரு. நான் விசில் அடிச்சா கேட் கம்பத்தைப் பார்க்கற மாதிரி என்னைப் பார்க்கும். அவ நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் பண்ணினா, குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பறந்து வரும். நாய்க்கு மரியாதை தெரியல. எஜமான் குதிரைமேல வரும்போது மட்டும் அவ மேய்ப்பன் கோலை என் கையில குடுத்துட்டு, கூடையை எடுத்துக்கிட்டு, சாப்பாடு கொண்டு வந்தவ மாதிரி கொஞ்சம் தள்ளி நிப்பா. நான் சொல்லி நின்னதில்ல. தானாத்தான் நிப்பா.

கிறிஸ்துமஸ் வாரத்துல குழந்தை பொறந்தது. பொண்ணு. ஒன்பது நாள் இருந்தது. பனி கொட்டினதுல பாதிரியார் மேல வர முடியல, ஞானஸ்நானம் குடுக்கல. அதனால இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் இல்லைன்னுட்டாங்க. வடக்குப் பக்கம், மதிலுக்கு வெளியில வச்சோம். குழி தோண்டினது நான்தான். நல்ல ஆழமாத்தான் தோண்டினேன்.

பிள்ளை பெத்தவ சர்ச்சுக்கு வந்து, முட்டி போட்டு, நன்றி சொல்லிட்டுத்தான் ஊர் நடமாட்டத்துக்கு வரணும்னு எங்க வழக்கம். பாதிரியார் ஆள் அனுப்பினார். கெசியா போகல. "எதுக்கு நன்றி?"ன்னு கேட்டா. பிப்ரவரியில ஈத்து ஆரம்பிச்சுடும், அப்புறம் ஒழிவு இருக்காதுன்னு நான் சொல்லி அனுப்பினேன். அதுலேர்ந்துதான் பாதிரியாருக்கு அவமேல ஒரு இது.

ஈத்துக்காலம் பார்த்திருக்கீங்களா மேஸ்திரி? முந்நூறு பிரசவம் ஆறு வாரத்துல. குன்றுமேல சக்கரம் வச்ச மரக்கூண்டு ஒண்ணை இழுத்துக்கிட்டுப் போய் நிறுத்தி அதுலயே கிடக்கணும். குட்டி சில சமயம் கோணலா வரும், கால் முன்னால, தலை பின்னால. அப்ப கையை உள்ள விட்டுத் திருப்பணும். என் கை பெரிசு பாருங்க, குதிரைக்குப் பழகின கை. அவ கை சின்னது. அதனால அந்த வேலை மட்டும் அவளுக்கு. அந்த முந்நூறுல எத்தனை கோணல்னு கேக்கறீங்களா? எனக்குத் தெரியாது. நான் லாந்தர் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிப்பேன்.

ஒரு நாள் மத்தியானம். நல்லா வெயில், பனியெல்லாம் பளபளன்னு இருக்கு. ஒரு ஆட்டுக்குக் குட்டி செத்துப் பொறந்தது. இன்னொரு குட்டிக்குத் தாய் செத்துப் போச்சு. இந்தக் குட்டியை அந்த ஆட்டுகிட்ட விட்டா முட்டித் தள்ளும், தன் குட்டி வாசனை இல்லையே. அதுக்கு மேய்ப்பனுங்க பண்ற காரியம் ஒண்ணு உண்டு. செத்த குட்டியோட தோலை உரிச்சு, அனாதைக் குட்டிமேல சட்டை மாதிரி மாட்டி விடணும். தாய் மோந்து பார்க்கும். தன் குட்டின்னு நினைச்சுப் பால் குடுக்கும். ரெண்டு மூணு நாள்ல பழகிடும், அப்புறம் தோலைக் கழட்டிடலாம்.

கெசியா அந்த மாசத்துல அதை ஏழெட்டுத் தடவை பண்ணியிருப்பா. கத்தியை எடுத்தா, நாலு வெட்டுல முடிப்பா. அன்னைக்கும் அப்படித்தான் முடிச்சா. மாட்டி விட்டா. ஆடு மோந்து பார்த்தது. மொதல்ல வேண்டாம்னு தலையைத் திருப்பிச்சு, மறுபடி மோந்தது, அப்புறம் அந்தப் பொடிசு அடியில புகுந்து குடிக்க ஆரம்பிச்சது. வாலை ஆட்டி ஆட்டிக் குடிக்குது. எல்லாம் சரியாத்தான் நடந்தது. அப்பப் போய் அவ பனியில உக்காந்து அழறா. சத்தமா அழறா. நான் என்ன என்னன்னு கேக்கறேன். "குட்டி குடிக்குது பாரு கெசியா, பொழைச்சுடுச்சு"ன்னு காட்டறேன். காட்டக் காட்ட அதிகமா அழறா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது புரியல. மத்த ஏழுக்கு அழலையே. நான் போய்ப் படலைச் சரி பண்ணினேன். சாயாம இருந்தது, இருந்தாலும் சரி பண்ணினேன்.

அந்த வருஷம் எஜமான் என்னைத் தட்டிக் குடுத்து, "மாஸ்லன், நீ இருக்கிற வரைக்கும் இங்கேதான்"னார். இருபத்தெட்டு வருஷம் இருந்தோம். சந்தையில மறுபடி நிக்கல.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் பண்ணை ஆள் எவனும் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வராம இருக்கக் கூடாதுன்னு. நான் கெசியாகிட்ட வந்து சொன்னேன். "நீ போ. ரெண்டு பேரும் போனா ஆடு போயிடும்"னா. நியாயமாப் பட்டது. நான் போனேன். அடுத்த ஞாயிறும் போனேன். இருபத்தெட்டு வருஷத்துல ஒரு ஞாயிறு தவறல. ஈத்துக்காலத்துலகூட, கொட்டற பனியிலகூட. பாதிரியார் ஒரு தடவை பிரசங்கத்துலயே சொன்னார். "மத்த மேய்ப்பர்கள் எல்லாரும் ஆட்டைக் காரணம் சொல்லி வராம இருக்காங்க. நம்ம மாஸ்லனைப் பாருங்கள். ஆட்டையும் விடவில்லை, ஆண்டவரையும் விடவில்லை"ன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அப்ப குன்றுமேல ஆட்டுகிட்ட யார் இருக்காங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேட்டாத்தானே சொல்ல முடியும்?

அஞ்சாவது வருஷம் இந்தக் கோட்டு. பெரிய கூடாரம் போட்டிருந்தாங்க. ஒரு பிரபு வந்து மாட்டி விட்டார். "இத்தனை குட்டியை எப்படியப்பா காப்பாத்தினே?"ன்னு கேட்டார். "பொறுமைங்க"ன்னேன். கைதட்டினாங்க பாருங்க, கூடாரம் அதிர்ந்தது. பொம்பளைங்களுக்கு உள்ள அனுமதி இல்ல. கெசியா வேலிக்கு அந்தப் பக்கம் மத்த பொம்பளைங்களோட நின்னுக்கிட்டு இருந்தா. திரும்பி வரும்போது என் கோட்டையே பார்த்துக்கிட்டு வந்தா. ஏதாவது சொல்லுவாளோன்னு நான் ரெண்டடி முன்னாலயே நடந்தேன். "மூணாவது பொத்தான் தொங்குது. வீட்டுக்குப் போய்த் தச்சுத் தரேன்"னா. தச்சும் குடுத்தா. இதோ, இந்தப் பொத்தான்தான். மத்ததெல்லாம் ஒரு தடவையாவது அறுந்தது, இது அறுந்ததே இல்ல.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவ. சொல்லியிருந்தா நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் சொல்லலை. அப்படியே இருபது வருஷத்துக்கு மேல போயிடுச்சு.

போன அக்டோபர்ல படுத்தா. மார்ச்சளி. பனியில கிடந்த ஒடம்புதானே. ஒரு நாள் காலையில என்னைக் கூப்பிட்டு, "ஐசக், என் கையில ரோமம் வச்சு அனுப்பு"ன்னா.

உங்களுக்கு அது என்னன்னு தெரியாது. எங்க பக்கம் மேய்ப்பன் செத்தா, பெட்டியை மூடறதுக்கு முன்னால கையில ஒரு பிடி ஆட்டு ரோமம் வைப்போம். நியாயத்தீர்ப்பு நாள்ல எல்லாரும் எழுந்து நிக்கும்போது கேள்வி வரும்ல, நீ ஏன் ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரலைன்னு? அப்ப வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். கையைத் திறந்து காட்டினாப் போதும். ஓ, ஆட்டுகிட்ட இருந்தவனான்னு உள்ள விட்டுடுவாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது மேய்ப்பனுங்களுக்கு, கெசியா"ன்னேன்.

அவ என்னைப் பார்த்தா. நாய் பார்க்கற மாதிரி இல்ல. சாதாரணமாத்தான் பார்த்தா. "ஆமா"ன்னா. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா. அதுதான் எங்க கடைசிப் பேச்சுன்னு சொல்லலாம். மறுநாள் தண்ணி கேட்டா, அதையெல்லாம் பேச்சுன்னு எடுத்துக்க முடியாது.

நான் கல்நெஞ்சன் இல்லைங்க. அவ போன அன்னைக்குக் காலையில நடந்து போய் வேலி முள்ளுலேர்ந்து நல்ல வெள்ளை ரோமமாப் பொறுக்கி எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். இதோ இந்தப் பையில வச்சிருந்தேன். பெட்டிகிட்ட நிக்கறேன். சின்ன அறை, அடைச்சுக்கிட்டு ஆள். கிங்ஸ்காட் எஜமானோட பெண்டாட்டி, அண்டை வீட்டு மார்த்தா, பாதிரியார், தச்சர். பைக்குள்ள கையை விட்டேன். ரோமம் கையில தட்டுப்பட்டது. அதை எடுத்து அவ கையில வச்சேன்னா, அந்த அறையில இருக்கிற ஒவ்வொருத்தரும் என் கோட்டைப் பார்ப்பாங்க.

பாதிரியார் அந்த நேரம் பார்த்து, "பாவம், இந்த அம்மாவை நான் சர்ச்சுல அதிகம் பார்த்ததே இல்லை"ன்னார்.

"ஆமாங்க"ன்னேன் நான்.

கையை வெளியில எடுத்தேன். வெறுங்கை. தச்சர் ஆணி அடிச்சார்.

நீங்க உளியை நிறுத்திட்டீங்களே. அடிங்க, அடிங்க.

அன்னையிலேர்ந்து எனக்கு ஒரே யோசனை. அவ அங்க எழுந்து நிப்பா. கேப்பாங்க. கையில ஒண்ணும் இருக்காது. அவ பொய் சொல்ற பொம்பளை இல்ல. சும்மா நிப்பா. கூடையோட கொஞ்சம் தள்ளி நிப்பாளே, அந்த மாதிரி. பக்கத்துல நான் இந்தக் கோட்டோட நிப்பேன். எனக்கு ஒரு கேள்வியும் வராது, ஞாயிறு தவறினதே இல்லையே. என்னை மேய்ப்பன்னு உள்ள கூப்பிடுவாங்க, அவளை வெளியில நிறுத்திடுவாங்க. ஏழைகள் விடுதி மாதிரியே. அந்தப் பிரிவுக்குப் பயந்துதாங்க நான் அன்னைக்குச் சந்தையில ரோமத்தை எடுத்துச் செருகினதே.

பாதிரியார்கிட்டப் போனேன். மேட்டைத் திறந்து ஒரு சின்னச் சாமானை உள்ள வைக்கலாமான்னு கேட்டேன். என்ன சாமான்னு கேட்டார். நான் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கிட்டு நின்னேன். போய்த் தூங்கு மாஸ்லன், வயசாயிடுச்சுன்னார்.

சரி, நானே பார்த்துக்கறேன்னு, பிப்ரவரி மாசம் ஒரு பிடி ரோமத்தைக் கொண்டு வந்து, மேட்டுல, கை இருக்கும்னு நினைச்ச எடத்துல விரலால குழி பண்ணி அமுக்கி வச்சேன். மறுநாள் வந்து பார்த்தா இல்ல. மறுபடி வச்சேன். மறுபடி இல்ல. மூணாவது தடவை ஒளிஞ்சு நின்னு பார்த்தேன். இந்தத் திருடன்தான். மண்ணைக் கொத்தி, இழுத்து, வாய் நிறையக் கவ்விக்கிட்டு மதில்மேல படர்ந்த அந்தக் கொடிக்குள்ள போறான். கூடு கட்டறானாம். பதினோரு தடவை வச்சேன் மேஸ்திரி. பதினொண்ணையும் எடுத்துட்டான். கல்லைத் தூக்கி வீசினேன், படல. கெசியா இருந்தா நாக்கைச் சொடுக்கினதுமே பறந்திருப்பான்.

அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். அந்தத் துண்டுக் கல்லுல ஒரு மேய்ப்பன் கோல் செதுக்குங்க. மேல வளைஞ்சிருக்கும், தெரியும்ல? அதைப் பிடிச்ச மாதிரி ஒரு கை. சின்னக் கை. உள்ளங்கையில ஒரு பிடி ரோமம். ரோமம் எப்படிச் செதுக்கறதுன்னு கேக்கறீங்களா? தேவதூதனுக்குச் சுருட்டைமுடி செதுக்கியிருக்கீங்களே, அதையே கொஞ்சம் கலைச்சு விடுங்க. மாதிரி வேணும்னா இந்தப் பொத்தானைப் பாருங்க, ஆட்டுமேல எப்படிக் கீறியிருக்கான்னு.

பேரா? கெசியா மாஸ்லன்னு போடுங்க, எடம் இருந்தா. எங்க ஊர்ல எழுத்துப் படிக்கத் தெரிஞ்சவங்க ஏழெட்டுப் பேர். கோலும் ரோமமும் படிக்கத் தெரியாதவங்க ஒருத்தரும் இல்ல.

கூலிக்கு இந்தக் கோட்டை எடுத்துக்கங்க. நல்ல துணி, ஞாயித்துக்கிழமை, விசேஷம்னா மட்டும்தான் போட்டிருக்கேன். உங்க தோளுக்குச் சரியா இருக்கும். வேணாம்னு சொல்லாதீங்க. ஏற்கெனவே கழட்டிட்டேன் பாருங்க. ஒரே ஒரு பொத்தானை மட்டும் நான் அறுத்துக்கறேன், மூணாவதை. உங்க கத்தியைக் குடுங்க. நூல் கெட்டியா இருக்கு. விடமாட்டேங்குது... சரி, விடுங்க, இருக்கட்டும். அதுவும் சேர்ந்தே போகட்டும்.

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க. ஆங். ஊர்ல கேட்டா என்ன சொல்லுவீங்கன்னா?

யோசிச்சு வச்சுட்டுத்தான் வந்தேன். மேய்ப்பன் மாஸ்லன் பெண்டாட்டி கல்லுன்னு சொன்னேன், டவுன் கல்தச்சருக்குச் சரியா வெளங்கல, எனக்குச் செதுக்க வேண்டியதை அவளுக்குச் செதுக்கிட்டுப் போயிட்டாருன்னு சொல்லிடலாம்னு. நீங்கதான் நாலு நாள்ல போயிடுவீங்களே. உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

அப்படிப் பார்க்காதீங்க.

சரி. சொல்லல. கேட்டாங்கன்னா நானே பதில் சொல்லிக்கறேன். படல் நட்டது நான்னு சொல்றேன். அது பொய்யில்ல.

குளிருதுங்க, கோட்டு இல்லாம. ஆரம்பிங்க, பார்த்துட்டே போறேன். மொதல்ல கையைச் செதுக்குங்க. ரோமத்தை ஆழமா வெட்டுங்க. அதோ, மறுபடியும் வந்துட்டான் பாருங்க, தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்கறான். வாடா, வா. இதைக் கொத்தி எடுத்துக்கிட்டுப் போ பார்க்கலாம்.